பூவரச மரத்தில் ஒரு பிரி

செங்கால்மங்கலத்தில் கண்ணுசாமியோடு யாரும் பேசுவதில்லை. வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தலைமதகுக்குப் பக்கத்தில் நிற்கும் பூவரச மரத்தில் ஒரு வைக்கோல் பிரியைக் கட்டிவிட்டுப் போவார்கள். எது யாருடைய பிரி என்று அவருக்கு அடையாளம் தெரியும். ஒரு வீட்டுப் பிரியில் சிவப்புத் துணி முடிந்திருக்கும். இன்னொரு வீட்டார் பனைநாரால் இறுக்கியிருப்பார்கள். காத்தான் மட்டும் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டுவார். கண்ணுசாமி காலையில் வந்து மரத்தைப் பார்ப்பார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அந்த வயலின் மடையைத் திறப்பார். பாய்ந்து முடிந்ததும் பிரியை அவிழ்த்துப் போட்டுவிடுவார். அறுவடையானால் களத்து மூலையில் வீட்டுக்கு ஒரு கூடை நெல்லைக் கொட்டிவிட்டுப் போவார்கள். களம் காலியானதும் அவர் வந்து அள்ளிக்கொள்வார். அவருக்கும் ஊருக்கும் இருந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் நடந்தது.

நான் அந்த ஊருக்குப் போனது தொண்ணூற்று நாலாம் வருஷம் மாசி மாதத்தில். எனக்குத் திருவையாற்றுப் பக்கம். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான்தான். பி.ஏ. பொருளாதாரம். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். பட்டம் வாங்கியதில் ஒரு சங்கடமும் உண்டு. என்னை வாடா போடா என்று கூப்பிட்ட நடவாட்கள் எல்லாம் மறுநாளிலிருந்து “சார்” என்றார்கள். கேலி பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அப்பாகூட என் முன்னால் பீடி பற்றவைக்கத் தயங்கினார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் பேச ஆளில்லை.

திருத்துறைப்பூண்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. உரக்கடைக் கிடங்குக்கு மேலே ஒரு அறை. சட்டையெல்லாம் யூரியா வாசனை அடிக்கும். சேர்ந்த உடனே திருவாரூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஐந்து நாள் பயிற்சி. ஊர்க்காரர்களே தங்கள் ஊரை ஆராய்ச்சி செய்வது எப்படி, அதற்கு நாம் இடைஞ்சல் செய்யாமல் இருப்பது எப்படி என்பதுதான் பாடம். தரையில் கோலப்பொடியாலும் கல்லாலும் அவர்களையே ஊர் வரைபடம் போடச் சொல்ல வேண்டும். புளியங்கொட்டையை வைத்து எது முந்தி, எது பிந்தி என்று வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். “குச்சியை அவங்க கையில கொடுத்துடுங்க. கொடுத்த பிறகு திருப்பி வாங்காதீங்க” என்றார் பயிற்சியாளர். இன்னொன்றும் சொன்னார். “நாம வெளியாட்கள். அதை முதல்லயே சொல்லிடுங்க. பணிவா இருக்கும்.” இரண்டு கோடு போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

செங்கால்மங்கலத்து வாய்க்காலைத் தூர்வாரப் போகிறார்கள் என்று அப்போது தகவல் வந்திருந்தது. கரையில் இருக்கும் ஒன்பது குடிசைகளையும் எடுத்துவிடுவார்கள். ஊர் கூடிக் கையெழுத்துப் போட்டுத் தரும் பட்டியலில் பெயர் இருந்தால் மாற்று மனைப்பட்டா கிடைக்கும். பெயர் இல்லாதவன் ஆக்கிரமிப்புக்காரன். அந்தப் பட்டியலையும் வரைபடத்தையும் ஊர்க்காரர்களை வைத்துத் தயாரிப்பதுதான் எனக்கும் ஹமீதா பானுவுக்கும் கொடுத்த வேலை. ஹமீதா முத்துப்பேட்டைப் பெண். என்னோடு பயிற்சி எடுத்தவர், என்னைவிட இரண்டு வயது பெரியவர்.

முதல் கூட்டம் களத்தில். நூறு பேர் இருக்கும். நான் எழுந்து கும்பிட்டு, பாடம் கேட்டபடியே ஆரம்பித்தேன்.

“நாங்க வெளியாட்கள். உங்ககிட்ட கத்துக்க வந்திருக்கோம்.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காத்தான், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

“எந்தப் பண்ணைக்கு அறுக்க வந்திருக்கீங்க தம்பி?”

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார்கள். மாதர் சங்கத் தலைவி தங்கம்மாள் என்னைப் பார்த்து, “அந்த வார்த்தையை இந்தக் களத்துல சொல்லாதீங்க தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உடம்பு கூசியது. தூரத்தில் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

திரும்பும் பஸ்ஸில் ஹமீதாதான் விளக்கினார். “உங்க பக்கம் வெளியாள்னா என்ன சார்?”

“வெளியூர் ஆளு. அவ்வளவுதான்.”

“இந்தக் கீழ்ப்பக்கம் அது வேற. கூலி கேட்டு ஊரே வேலைநிறுத்தம் பண்ணும்போது, பண்ணையார் லாரியில கூட்டிட்டு வந்து அறுக்க விட்ட ஆளு இருக்கான்ல, அவன்தான் வெளியாளு. அம்மாவைத் திட்டினாக்கூடப் பொறுத்துக்குவாங்க. அந்தக் களத்துல நின்னுட்டு நீங்க…” மேலே சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்.

பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவனுக்குப் பக்கத்து ஜில்லாவின் ஒரு சொல் தெரியவில்லை.

மறுநாள் வரைபடம். குச்சியைத் தங்கம்மாளிடம் கொடுத்தேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது. அறிவொளி வகுப்பில் நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவர். அவர் கணவர் இளையபெருமாள், அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில் நடந்த கூலிப் போராட்டத்தின்போது சங்கச் செயலாளர். ஆட்சி மாறி ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். இனி அடி உதை இருக்காது என்று நம்பிக் களத்தில் நின்றவரை எட்டு மாதம் ஜெயிலில் வைத்தார்கள். இருமலோடு வந்து மூன்று வருஷத்தில் போய்விட்டார். பின்னால் பண்ணையின் உபரி நிலம் பிரிக்கப்பட்டபோது தங்கம்மாளுக்கு வாய்க்காலின் கடைசியில் இரண்டு மா நிலம் கிடைத்தது. அந்த வயலில் ஒற்றையாளாக நின்று பிள்ளைகளை வளர்த்தார்.

ஓட்டு வீட்டுக்குச் செங்கல் துண்டு, கூரை வீட்டுக்குக் கூழாங்கல். பத்து மணிக்குள் தெருக்கள் வந்துவிட்டன. எண்ணினேன். அறுபத்து மூன்று. முந்தின நாள் நான் நடந்து எண்ணியது அறுபத்து நாலு. வாய்க்கால் கரையில் எட்டுக் கல்தான் இருந்தது.

“அக்கா, கரையில ஒரு வீடு விட்டுப்போச்சுங்களா?”

“விடல.”

“மதகுக்கிட்ட ஒரு குடிசை…”

நானே ஒரு கூழாங்கல்லை எடுத்து மதகு இருக்கும் இடத்தில் வைத்தேன். தங்கம்மாள் குனிந்து அதை எடுத்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் வீசினார். காய்ந்த வாய்க்காலுக்குள் அது உருளும் சத்தம் கேட்டது.

“குச்சியை எங்ககிட்ட கொடுத்துட்டேன்னு சொன்னீங்கல்ல தம்பி?”

காத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார். “தம்பி, படிச்சது ஒரு நாள்தான் தாங்குது.”

அன்று மதியம் நான் மட்டும் மதகுப் பக்கம் போனேன். குடிசைக்கு வெளியே கொடியில் ஒரு கைலி. உள்ளே ஒரு பானை, ஒரு தட்டு, ஒரு டிரான்சிஸ்டர். கண்ணுசாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வாயைத் திறந்தார். குரல் உடனே வரவில்லை. இருமிச் சரிசெய்துகொண்டார்.

“பேசிப் பழக்கம் விட்டுப்போச்சுங்க.”

“ரேடியோ வச்சிருக்கீங்களே அண்ணே.”

“ஆமாங்க. செய்தி வாசிக்கிறவர் முதல்ல வணக்கம் சொல்வாரு. நானும் சொல்லிடுவேன்.”

புதுக்கோட்டைக்கு அப்பால் வானம் பார்த்த பூமி அவருக்கு. இரண்டு வருஷம் மழையில்லை. தஞ்சாவூரில் அறுவடை, மூன்று வேளையும் சோறு என்று ஒரு ஏஜெண்டு சொன்னான். பத்தொன்பது வயதில் லாரியில் ஏறினார்.

“இறங்கினா வரப்பு பூரா போலீசு. எதுக்குய்யா போலீசுன்னு கேட்டேன். யானை வருதுன்னான் ஏஜெண்டு. தஞ்சாவூர்ல யானை கிடையாதுன்னு எனக்குத் தெரியாதுங்களே.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார்.

அறுப்பு தொடங்கிய மூன்றாம் நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் வந்து வரிசையாக நின்றிருக்கிறார்கள். கூச்சல் போடவில்லை. இவர்கள் அறுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதில் ஒருத்தி மட்டும் சொன்னாளாம், “நட்டது நாங்க.” அவ்வளவுதான். இவர் கையில் கதிர் இருந்தது. அதைக் கீழே போடுவதா கட்டோடு சேர்ப்பதா என்று தெரியவில்லை. பின்னால் நின்றவன் தள்ளினான். சேர்த்துவிட்டார்.

“அது யாருன்னு தெரியுமா அண்ணே?”

“தெரியாமலா? செயலாளர் வீட்டம்மா.”

அறுவடை முடிந்து லாரி கிளம்பியபோது இவருக்கு விஷக்காய்ச்சல். மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எழுந்ததும் பண்ணையார் மதகைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சில வருஷத்தில் பண்ணையாரும் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போய்விட்டார். மதகும் இவரும் மிச்சம்.

“ஊருக்குத் திரும்பியிருக்கலாமே?”

“அம்மா அந்த வருஷமே போயிட்டாங்க. இங்க யாராச்சும் போடான்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். இருன்னும் சொல்லல.” பிறகு, “லிஸ்டுல பேர் இல்லைன்னா பிரிச்சிடுவாங்களாங்க?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே.”

“அப்ப காலையில மரத்தைப் பார்க்கிறது யாரு?”

அறைக்குத் திரும்பி யூரியா வாசனையில் உட்கார்ந்து யோசித்தேன். பட்டியலை எழுதுவது நான்தான். அறுபத்து நாலாவதாக ஒரு பெயரைச் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஹமீதாவிடம் கேட்டேன். “செருகலாம். நாளைக்கு தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. வந்து, இவர் உங்க ஊரான்னு கேப்பாரு. இல்லைன்னு நூறு பேர் சொல்வாங்க. அப்ப நீங்க எங்க சார் இருப்பீங்க?” என்றார்.

எங்கள் வேலையின் மூன்றாம் நாள், வரைபடத்தில் வாய்க்கால், மடைகள். அங்கேதான் ஊர் மாட்டிக்கொண்டது. மொத்தம் பதினேழு மடை. தன் மடைதான் நாலாவது என்றார் காத்தான். இல்லை, அது ஆறாவது என்றாள் பக்கத்து வயல் ராஜாத்தி. இரண்டு மாமியார்கள் கோலப்பொடியை மாற்றி மாற்றி அழித்தார்கள். இவ்வளவு வருஷமாகப் பிரி கட்டினார்களே தவிர, வாய்க்காலோடு நடந்து பார்த்தவர் யாருமில்லை.

“இதுல யாருக்குச் சரியாத் தெரியும்?” என்று கேட்டார் ஹமீதா. கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பயிற்சியில் சொன்னதுதான். கேள்வி கேட்டால் வாயை மூடு. எனக்குத்தான் அது வராது.

தங்கம்மாள் குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னார். “கூப்பிடுங்க. வாய்க்காலுக்கு மட்டும்.”

காத்தான் எழுந்து மதகுப் பக்கம் திரும்பி, “ஏ…” என்றார். மேலே என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஊருக்கு அவரை ‘வெளியாள்’ என்ற ஒரு சொல்லில்தான் தெரியும். அதை வைத்துக் கூப்பிட அன்று வாய் வரவில்லை. “ஏ… இந்தாப்பா!” என்று முடித்தார். அது அங்கே கேட்கவில்லை. நான் போய்க் கூட்டிவந்தேன்.

களத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார் கண்ணுசாமி. குந்தி உட்கார்ந்து பொடியை அள்ளினார். பேசுவதற்குத் திணறிய ஆள், பத்து நிமிஷத்தில் வாய்க்காலை வளைவு நெளிவோடு இழுத்துப் பதினேழு மடையையும் வைத்துவிட்டார். காத்தானுடையது ஐந்தாவது. இரண்டு பேரும் தோற்றதில் சண்டை முடிந்தது.

ஹமீதா புளியங்கொட்டைகளை அவர் முன்னால் வைத்தார். “முதல் தண்ணி எந்த மடைக்கோ அங்க ஒரு கொட்டை. ரெண்டாவது பாயறதுக்கு ரெண்டு. அப்படியே வச்சுட்டு வாங்கண்ணே.”

ஒரு கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து, வரைபடத்தைச் சுற்றி நடந்து, கடைமடையில் வைத்தார். திரும்பி வந்து முதல் மடைக்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று என்று வைக்க ஆரம்பித்தார்.

“இருப்பா, இருப்பா,” என்றார் காத்தான். “முதல் தண்ணி கடைமடைக்கா? அது தங்கம்மா வயலு. அது பள்ளம், தண்ணி தானா போய் நிக்கிதுன்னுல்ல நெனச்சுட்டு இருக்கோம்.”

“பள்ளம் இல்லீங்க. மேடு.” கண்ணுசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். “மத்த பதினாறையும் அடைச்சாத்தான் ஏறும்.”

“அடப்பாவி! எங்க மடையெல்லாம் அடைச்சிட்டா?”

“விடியறதுக்குள்ள திறந்துடுவேங்க.”

காத்தானுக்கு அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். கூட நாலு பேர் சிரித்தார்கள். தங்கம்மாள் எழுந்து வந்து கண்ணுசாமிக்கு எதிரே நின்றார்.

“நான் பிரி கட்டினேனா?”

இருபத்தாறு வருஷத்தில் தங்கம்மாள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.

“இல்லீங்க.”

“நெல்லு வச்சேனா?”

“இல்லீங்க.”

“பின்ன, யாரு கேட்டது?”

கண்ணுசாமி மீதி இருந்த கொட்டைகளைக் கையில் இறுக்கிக்கொண்டார். “நட்டது நாங்கன்னு சொன்னீங்க,” என்றார். “அன்னைக்கு.”

தங்கம்மாளின் முகம் வேறாகிவிட்டது. அது கோபம் என்று நான் நினைத்தேன். இப்போது யோசித்தால் அவமானமாக இருக்கலாம் என்றும் தோன்றுகிறது. யாருடைய தயவும் இல்லாமல் ஓட்டினேன் என்று தலை நிமிர்ந்து நடந்தவர் அவர். குச்சியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. வரைபடத்தின் மேல் கோழிகள் ஏறி நடந்தன. கண்ணுசாமியைக் காப்பாற்றப் போய் நானே குடிசையைப் பிரித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பட்டியலில் கையெழுத்து. முதல் கையெழுத்து தங்கம்மாளுடையதாக இருக்க வேண்டும். வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பை இல்லாததால் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு வந்தார்.

“எத்தனை பேரு?”

“அறுபத்து மூணுங்க அக்கா.”

தாளை வாங்கித் தலைப்பில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். “இக் கிரா மத்தில் குடி யிருப் போர் அனை வரும்… அனைவரும்னா?”

“எல்லாரும்.”

“அப்ப அறுபத்து நாலுன்னு போடுங்க.”

காத்தான் பக்கத்தில் இருந்தார். “என்ன தங்கம்மா, மன்னிச்சாச்சா?”

“மன்னிக்க அது என் ஒருத்தி வழக்கா? கேக்க வேண்டிய மனுஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. நீ வாயை மூடு.” என் பக்கம் திரும்பினார். “நாப்பத்தெட்டு வயசுல கத்துக்கிட்ட கையெழுத்து தம்பி இது. பொய்க்குப் போடமாட்டேன். என் வயலுக்குத் தண்ணி விட்டவன் ஊர்ல இல்லைன்னு எப்படிப் போடறது?”

பெயர் என்ன என்று கேட்டேன், அவர்கள் வாயால் வரட்டும் என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. நானே சொன்னேன். கண்ணுசாமி.

“கண்ணுசாமியா?” காத்தான் அந்தப் பெயரை வெற்றிலையோடு சேர்த்து மென்று பார்த்தார். “நல்ல பேராத்தான் இருக்கு. ஆனா ஆர்.ஐ. வந்து கண்ணுசாமி யாருன்னு கேட்டா எங்களுக்கே தெரியாதே? அடையாளத்துக்கு அதையும் சேத்துக்கங்க.”

குச்சி மறுபடி அவர்கள் கைக்குப் போய்விட்டது. எழுதினேன். வரிசை எண் அறுபத்து நாலு, கண்ணுசாமி (எ) வெளியாள். தங்கம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடியபடி சொன்னார். “அந்த ஆள்கிட்ட சொல்லிடுங்க. வர்ற போகத்துல என் வயலுக்கு முறைப்படிதான் தண்ணி. முன்னாடி வேணாம்.”

சித்திரையில் என்னைப் பட்டுக்கோட்டைப் பக்கம் மாற்றினார்கள். அடுத்த ஆவணியில் பட்டா வந்துவிட்டது என்று ஹமீதா சொல்லி அனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கண்ணுசாமிக்கு நத்தத்துக் கடைக்கோடியில் மனை. எதிர்வீடு கிடையாது. வாசலில் நின்றால் பூவரச மரம் தெரியும். பட்டாவை எடுத்து வந்து படிக்கச் சொன்னார். படித்தேன்.

“வெளியாள்னு போட்டிருக்குதுங்களா?”

“போட்டிருக்குண்ணே. எழுதினது நான்தான்.”

“இருக்கட்டும். சர்க்காருக்கும் தெரியணுமுல்ல.” நாலாக மடித்து டிரான்சிஸ்டருக்கு அடியில் வைத்தார்.

“இப்ப பேசுறாங்களா அண்ணே?”

“காத்தான் ஒரு நாள் கேட்டாரு, மழை வருமான்னு. வரும்னேன். வரல. அப்புறம் கேக்கல.”

இரண்டு பேரும் மதகுக்கு நடந்தோம். வாய்க்காலில் கரைமுட்டத் தண்ணீர். மரத்தில் பிரிகள் தொங்கின. சிவப்புத் துணி, பனைநார். காத்தானின் சைக்கிள் டியூபை அவிழ்த்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் கீழே, கை எட்டும் உயரத்தில், எந்த அடையாளமும் இல்லாமல் வெறும் வைக்கோலில் முறுக்கிய ஒரு பிரி. முடிச்சு மட்டும் இறுக்கமாக இருந்தது.

“இது யாரோடது?”

கண்ணுசாமி மண்வெட்டியைத் தண்ணீரில் அலசினார். அலசியதையே திரும்ப அலசினார்.

“கேட்டிருக்காங்க,” என்றார்.

தண்ணீர் அப்போது பன்னிரண்டாவது மடையில் பாய்ந்துகொண்டிருந்தது. கடைமடைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அவர் அந்தப் பிரியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“முறை முடிஞ்சா அவுத்துடணுங்களே” என்றார்.